ஒரு கண் மட்டும் சிவந்தபோது

ஒரே வெளிச்சத்தைப் பார்த்த இரண்டு கண்களில் ஒன்று மட்டும் ஏன் சிவக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஒரு வெல்டர் தன் பட்டறையில் நின்று கேட்டார். அன்று அங்கே இருந்த யாருக்கும் சரியான பதில் தெரியாது. இதை எழுதுகிற எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் தவறான பதில் ஒன்று தயாராக இருந்தது, அதுவும் கேட்டால் நியாயமாகப் படுகிற பதில். அதை நம்பித்தான் அவர் வலது கண்ணைப் பறிகொடுத்தார். இடது கண் என்ன ஆயிற்று என்பதுதான் இந்தக் கதை.

பட்டறையில் அவருக்கு நேர்கோடு என்று பெயர். ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, இரும்புக் கேட், தண்ணீர்த் தொட்டி நிற்கும் சட்டம், எதுவானாலும் அவர் பற்றவைத்த இடம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் ஓடும். மற்றவர்கள் பற்றவைத்தால் பின்னாலேயே ஒருவர் கிரைண்டிங் மெஷினோடு தேய்த்துக்கொண்டு போகவேண்டும். அவர் வைத்த பற்றில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, கம்பிப் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், பெயின்ட் அடிக்கலாம். முப்பத்து மூன்று வயது. மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள், இரண்டு அறை வீடு. அந்தக் கோட்டை நம்பித்தான் வீடு நடந்தது. அந்தக் கோடு கண்ணை நம்பி நடந்தது.

பட்டறை என்றால் முன்பக்கம் சுவரே இல்லாத ஒரு நீளமான தகரக் கொட்டகை. தெருவில் போகிறவர்கள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போவார்கள். உள்ளே நாலு பேர். மேஸ்திரி, நேர்கோடு, இன்னொரு வெல்டர், அப்புறம் பெயின்டர். பெயின்டரின் சட்டை, செருப்பு, காதுமடல் எல்லாம் துரு பிடிக்காமல் இருக்க அடிக்கிற செம்மண் நிறப் பெயின்டில் தோய்ந்திருக்கும். துருப் பிடிக்கவே பிடிக்காத மனிதன் இந்த ஊரில் தான் ஒருவன்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு பலகை. அதில் வெல்டிங் ராடு வந்த பழைய டப்பா ஒன்று. டப்பாவுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கண் மருந்துப் புட்டி எப்போதும் இருக்கும். தீர்ந்தால் மேஸ்திரியே மருந்துக் கடையில் கேட்டு வாங்கி வைப்பார். சீட்டு கீட்டு ஒன்றும் கிடையாது. பழைய புட்டியைக் காட்டினால் புதுப் புட்டி வரும்.

அந்தப் புட்டி எதற்கு என்றால், வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிடும். பகலில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டாற்போல் இருக்கும். திறக்க முடியாது, மூட முடியாது, தண்ணீராய்க் கொட்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தானாக வடிந்துவிடும். வெல்டிங் பிடிப்பவர்களுக்கு அது வீட்டுக்கு வந்து போகும் சொந்தக்காரர் மாதிரி. வந்தால் முகம் சுளிப்பார்கள், பயப்பட மாட்டார்கள். இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

கறுப்புக் கண்ணாடி பதித்த முகக்கவசம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் டாக் வைக்கும்போது யாரும் அதை எடுப்பதில்லை. டாக் என்பது இரண்டு இரும்புத் துண்டுகள் நகராமல் இருக்க முதலில் வைக்கிற ஒரு சின்னப் பொட்டு. ஒரு கை இரும்பைப் பிடித்திருக்கும், இன்னொரு கையில் ராடு. கவசத்தை மூன்றாவது கையா பிடிக்கும்? அதனால் அந்த ஒரு நொடிக்கு ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மேஸ்திரி முகத்தை அப்படியே தோள்பக்கம் திருப்பிக்கொண்டு சத்தத்தை வைத்துப் பொட்டு வைப்பார். இன்னொரு வெல்டர் இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொள்வார், பொட்டு எங்கேயாவது போய் விழும். நேர்கோடு இடது கண்ணை மட்டும் மூடிக்கொண்டு வலது கண்ணை இடுக்கிப் பார்த்து வைப்பார். அதனால்தான் அவர் பொட்டு வைத்த இடத்தில் இருக்கும்.

முதல் தடவை வலது கண் சிவந்தது ஒரு பள்ளிக்கூடத்துக் கேட் வேலையின்போது. காலையில் எழுந்ததுமே சிவப்பு. வழக்கமான மணல் உறுத்தல் இல்லை. கண்ணுக்கு உள்ளே, புருவத்துக்குக் கீழே எங்கோ ஆழத்தில், பல்வலி மாதிரி ஒரு குடைச்சல். வெயிலைப் பார்க்க முடியவில்லை. வீட்டு டியூப்லைட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. இடது கண் பளிங்காக இருந்தது.

டப்பாவை எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்.

"மேஸ்திரி, ரெண்டு கண்ணும் ஒரே வெளிச்சத்தைத்தானே பாக்குது. ஒண்ணு மட்டும் ஏன் செவக்குது?"

மேஸ்திரி அளவுநாடாவைச் சுருட்டியபடி யோசிக்காமல் சொன்னார். "டாக் வைக்கும்போது நீ எந்தக் கண்ணை மூடுறே?"

"இடது."

"அப்ப தொறந்திருக்கிற கண்ணுலதானே அடிக்கும்? மூடின கண்ணு தப்பிச்சுது. இதுக்கு எதுக்குப்பா ஆராய்ச்சி?"

எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தத் தொழிலில் இல்லாத ஒருவர் இப்படி ஒரு பதிலைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தொழில் தெரிந்தவர்களால் மட்டும்தான் இவ்வளவு சரியாகத் தவறு செய்ய முடியும். நேர்கோடும் திருப்தியாகச் சொட்டை விட்டுக்கொண்டார். மூன்று நாளில் சிவப்பு போயிற்று. புட்டி டப்பாவுக்குத் திரும்பியது.

நாலு மாதம் கழித்து மறுபடியும் வலது கண். அதே சொட்டு, அதே மூன்று நாள். அந்த வருஷம் மூன்று தடவை, அடுத்த வருஷம் நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் வலது கண்ணே சிவந்ததால் மேஸ்திரியின் பதில் மேலும் மேலும் உறுதியானது. நேர்கோடு அண்ணன் கண் சிவந்தால் மழை வரும் என்று பெயின்டர் ஒரு கணக்கு வைத்திருந்தார். இரண்டு தடவை வந்தும் விட்டது.

இதற்கெல்லாம் முன்னாலிருந்தே அவருக்கு முதுகுவலி உண்டு. காலையில் எழுந்தால் முதல் ஒரு மணி நேரம் இடுப்பு வளையாது. பல் தேய்த்துவிட்டுக் குனிந்து துப்ப முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கித்தான் குழாய்க்கு இறங்குவார். தரையில் குந்தி உட்கார்ந்து பற்றவைக்கிற வேலை, முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று அவரும் நினைத்தார், வீட்டிலும் நினைத்தார்கள். ஒன்று மட்டும் பொருந்தவில்லை. வேலை செய்யச் செய்ய வலி குறையும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் அதிகமாகும். "என் முதுகுக்கு லீவு ஒத்துக்கிறதில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பொருந்தாத ஒன்றைச் சிரித்துத் தள்ளிவிட்டால் அது பொருந்திவிட்டதாகவே தோன்றுகிறது.

பொருந்தாத இன்னொன்றை முதலில் பார்த்தது அவர் மனைவி. அவர் வீட்டிலேயே காஜா எடுப்பவர். சட்டை தைக்கிற கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும், பொத்தான் துளைக்கு நூல் சுற்றித் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு துளையைப் பார்க்கிற கண். ஒருநாள் கணவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கண் அவர் வலது கண்ணில் போய் நின்றது.

"ஏங்க, இப்படித் திரும்புங்க. உங்க கண்ணுக்கு நடுவுல இருக்கிற கறுப்பு வட்டமா இல்லையே. ஒரு பக்கம் நூல் இழுத்துக்கிட்ட காஜா மாதிரி இருக்கு."

அவர் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தார். தாடி வளர்ந்திருப்பது தெரிந்தது. மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. உனக்கு எதைப் பார்த்தாலும் காஜாதான் என்றார். அந்தப் பேச்சு அதோடு போயிற்று. டாக்டரிடம் காட்டலாமா என்று மனைவி இரண்டொரு தடவை கேட்டதாகவும், சிவப்பு வரும்போது போகலாம் என்று அவர் சொன்னதாகவும், சிவப்பு வந்தபோது மூன்று நாளில் போய்விடும் என்று சொன்னதாகவும் பின்னால் தெரிந்தது.

மூன்றாவது வருஷம், மழை முடிந்த ஒரு மாதத்தில், ஒரு காலை அவர் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது பக்கத் தலை பிளந்தது. விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது. வாந்தி நிற்கவில்லை. வாந்தி என்றதும் எல்லோருக்கும் வயிறுதான் நினைவுக்கு வந்தது. தெருமுனை கிளினிக்கில் வயிற்றுக்கு ஊசி போட்டார்கள், தூங்க மாத்திரை கொடுத்தார்கள். கண் சிவந்திருந்ததை அங்கேயும் பார்த்தார்கள். வெல்டர் என்று தெரிந்ததும், ஓ வெளிச்சம் அடித்ததா என்று கேட்டுவிட்டு அதை விட்டார்கள். இரண்டு நாள் கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் துணியை எடுத்துவிட்டு இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். ஜன்னல் இருந்த இடத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை. மகள் எதிரில் வந்து நின்றாள். புகை கொஞ்சம் இருண்டது. அவ்வளவுதான்.

அவர் கையை எடுத்தார், மறுபடி மூடினார், எடுத்தார். அப்பா என்ன விளையாட்டு விளையாடுகிறார் என்று மகள் அதே மாதிரி தன் கண்ணையும் மூடித் திறந்து காட்டினாள். அதை இடது கண்ணால் பார்த்தார்.

கிளினிக்கில் மறுபடி காட்டியபோது, இத்தனை வருஷ வெளிச்சம் கண்ணை எரித்துவிட்டது, இருக்கிற கண்ணையாவது காப்பாற்றிக்கொள், ஒரு மாதம் பட்டறைப் பக்கம் போகாதே என்றார்கள். மேஸ்திரி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, இனி டாக் வைக்கும்போதும் கவசம் போட்டே ஆகவேண்டும் என்று பட்டறையில் சட்டம் போட்டார். நல்ல சட்டம். ஆனால் அதற்கும் இந்தக் கண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

நேர்கோடு வீட்டில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றினார். படி இறங்கும்போது இல்லாத படியில் காலை வைத்தார். மனைவிக்கு உதவலாமென்று ஊசியில் நூல் கோர்க்கப் போனார். நூல் ஊசிக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. முதுகு முன்னைவிட இறுகியது. பக்கவாட்டில் பார்க்கக் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பினார். இடது கண்ணை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார். வெயிலில் போகமாட்டார். டிவி பார்க்கமாட்டார்.

இருபதாம் நாள் காலையில் இடது கண் சிவந்தது.

அதே குடைச்சல். அதே கூச்சம். அவர் கட்டிலை விட்டு எழவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து வந்து, கையை விலக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இருபது நாளா நீங்க பட்டறைப் பக்கமே போகல. அதுவும் இது நீங்க மூடுற கண்ணு. இதுல எந்த வெளிச்சம் அடிச்சுது?"

மூன்று வருஷமாக நிமிர்ந்து நின்ற பதில் அந்த ஒரு கேள்வியில் பொலபொலவென்று உதிர்ந்தது. வெளிச்சம் இல்லை. அப்படியானால் முதல் தடவையும் வெளிச்சம் இல்லை. எந்தத் தடவையும் இல்லை. "மேல பெயின்ட் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன், உள்ள துரு ஓடியிருக்கு" என்று நேர்கோடு சுவரைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு வந்த காஜா மூட்டையைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, மனைவி அவரை மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மேஜையில் உட்கார்ந்திருந்த ஊழியர் ஒருவர் நாலு பக்கத் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். வீடு எங்கே, வயல் பக்கமா, தண்ணீர் தேங்குமா, மாடு ஆடு உண்டா, எலித் தொல்லை உண்டா, குளத்தில் குளிப்பதுண்டா, பூனை வளர்க்கிறீர்களா, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, வாயில் அடிக்கடி புண் வருமா. நேர்கோட்டுக்கு எரிச்சலாக வந்தது. கண்ணைக் காட்ட வந்தால் மாடு கன்றைக் கேட்கிறார்களே என்று மனைவியின் காதில் முணுமுணுத்தார்.

"எங்கப்பா நம்ம கல்யாணத்துக்குக்கூட உங்களை இவ்வளவு விசாரிக்கல" என்றார் மனைவி. மூன்று வாரத்தில் நேர்கோடு சிரித்தது அன்றுதான்.

பெஞ்சில் அவரோடு காத்திருந்த எல்லோருக்கும் ஏதோ ஒரு கண் சிவந்திருந்தது. பக்கத்தில் ஒரு விவசாயக் கூலி. நடவுக் காலத்தில் சேற்றில் நின்றாராம், கெண்டைக்கால் பிடுங்கி எடுக்கிற காய்ச்சல் வந்து போனதாம், மூன்று மாதம் கழித்துக் கண் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பக்கத்தில் இப்படி ஏழெட்டுப் பேர் என்றார். அடுத்தாற்போல் பத்து வயதுப் பெண் ஒருத்தி, கறுப்பு விழியின் ஓரத்தில் அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி. ஊர்க் குளத்தில் முங்கிக் குளிக்கிற பிள்ளைகள் பலருக்கு இப்படி என்று அவள் அம்மா சொன்னார். மூலையில் ஒரு வயதானவர் துண்டால் வாயை மூடியிருந்தார். அவருக்கு நுரையீரலில் இருந்த காசநோய் கண்ணிலும் வேலையைக் காட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்புதான்.

டாக்டர் ஐம்பது வயது அம்மா. பேச்சில் சர்க்கரை கிடையாது. தாடையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி இரண்டு கண்ணையும் நெடுநேரம் பார்த்தார். தாளைப் புரட்டினார். பிறகு கேட்ட முதல் கேள்வி கண்ணைப் பற்றியதில்லை.

"காலையில எழுந்ததும் முதுகு எப்படி இருக்கும்?"

நேர்கோடு திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார்.

"கட்டை மாதிரிதான் எழுந்திருப்பாரு" என்றார் மனைவி. "வேலைக்குப் போனா சரியாயிடும். லீவு நாள்லதான் மேடம் ஜாஸ்தி."

டாக்டர் பேனாவை எடுத்துத் தாளில் ஏதோ வட்டமிட்டார். இரத்தச் சோதனையும் இடுப்புக்கு எக்ஸ்ரேயும் எடுத்து வரச் சொன்னார். அன்று மாலை அவர் சொன்னதை மனைவி பிறகு பலரிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். கண்ணின் வெள்ளைத் தோலுக்கு உள்ளே இரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு படலம் இருக்கிறது. அழற்சி வந்திருப்பது அதில். அது கண்ணில் தொடங்குகிற நோயாக இல்லாமலே இருக்கலாம், உடம்பின் வேறு மூலையில் இருக்கிற ஒன்று கண்ணில் வந்து எட்டிப்பார்க்கலாம். எது என்பது ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் தேங்கி எலி திரிகிற வயல்பக்கம் எலிக்காய்ச்சல், நெருக்கமான வீடுகளில் காசநோய், சில குளங்களின் பக்கம் நத்தையிலிருந்து வரும் ஒரு புழு, வேறு தேசங்களில் வேறு ஏதேதோ. அதனால்தான் வீடு எங்கே என்று முதலில் கேட்கிறார்கள். பாதிப் பேருக்குக் காரணமே தெரியாமலும் போகும். இவருக்குத் தெரிந்தது. முதுகெலும்பின் மூட்டுகளைத் தன் உடம்பே தாக்குகிற ஒரு நோய். சிலருக்கு அது பிறப்பிலிருந்தே உடம்புக்குள் காத்திருக்கும். அது கண்ணுக்கு வரும்போது திடீரென்று வரும், ஒரு நேரத்தில் ஒரு கண்ணுக்குத்தான் வரும், போய்ப்போய்த் திரும்ப வரும்.

ஒரு கண் மட்டும் ஏன் சிவக்கிறது என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. கேள்வி சரியாகவே இருந்திருக்கிறது. கேட்ட இடம்தான் தவறு.

டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டுமருந்தை வாங்கி வந்ததும் நேர்கோடு அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதே நீல மூடி, அதே புட்டி.

"மேடம், இதேதான் எங்க பட்டறையிலயும் இருக்கு."

"தெரியும். எல்லாப் பட்டறையிலயும் இருக்கு" என்றார் டாக்டர். "மூணு நாள் விட்டா செவப்பு போகும், உள்ள இருக்கிறது போகாது. உங்க வலது கண்ணுல உள்ள இருக்கிற படலம் லென்ஸோட ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. முழுசா ஒட்டினதும் கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி போக வழியில்லாம அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. உங்களுக்கு வாந்தி வந்துச்சே, அன்னைக்கு."

"வலது கண்ணு திரும்ப வருமா மேடம்?"

"வராது."

இனி என்ன செய்ய வேண்டும் என்று மனைவிதான் கேட்டார். இடது கண்ணுக்கு மணிக்கொரு தடவை ஒரு சொட்டு, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து ஆறு வாரம். கண்ணின் நடுக்கறுப்பு ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைக்க இன்னொரு சொட்டு. அது விடுகிறவரை பார்வை மங்கும், பயப்படக் கூடாது. சிவப்பு போனதும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இந்தக் கண்ணும் அந்தக் கண் போன வழியில் போகும்.

மூன்றாம் நாள் சிவப்பு போயிற்று.

ஆனால் விரிக்கிற சொட்டினால் இடது கண்ணும் மங்கியிருந்தது. வலதில் புகை, இடதில் பனி. சொந்த வீட்டில் கதவைத் தடவிக்கொண்டு நடந்தார். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்து, அவர் கையைப் பிடித்து அதில் வைத்துவிட்டார்கள். மகள் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எந்தப் பக்கம் எழுத்து என்று தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்கிற எண்ணம் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அன்று மத்தியானம் மனைவி சொட்டு விட வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டார். புட்டி தரையில் உருண்டது.

"செவப்பு போயிடுச்சு. இதை நிறுத்தினாத்தான் எனக்குக் கண்ணு தெரியும். எப்பவும் மூணு நாள்தானே விடுவேன்."

மனைவி குனிந்து கட்டிலுக்கு அடியில் தடவிப் புட்டியை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"காஜா எடுத்துட்டு முடிச்சுப் போடாம நூலை அறுத்தா என்ன ஆகும் தெரியுமா? அப்பப் பாத்தா அழகாத்தான் இருக்கும். ரெண்டு தடவை பொத்தான் போட்டா மொத்தமும் பிரிஞ்சு வந்துடும். அந்தக் கண்ணை மூணு மூணு நாளா நீங்க அப்படித்தான் அறுத்தீங்க. இதுக்கு முடிச்சு நான் போடுறேன். தலையைத் தூக்குங்க."

அவர் தூக்கவில்லை. மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். வெளியே தெருவில் யாரோ பாத்திரம் கழுவி முடித்தார்கள், யாரோ சைக்கிளைப் பூட்டினார்கள். வெகுநேரம் கழித்து அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். கழுத்து பாதிதான் சாய்ந்தது. மனைவி எழுந்து நின்று, எட்டி, சொட்டை விட்டார். மூடிய இமைக்கு வெளியே வழிந்ததில் எது மருந்து, எது கண்ணீர் என்று மனைவி கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து மருந்தெல்லாம் நின்று பனி விலகியபோது, மனைவி அவரை ஜன்னலருகே உட்காரவைத்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். முந்நூறு துளை பார்க்கிற அதே கண். "வட்டமா இருக்குங்க" என்றார். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். முதுகுக்கு வேறு டாக்டரிடம் அனுப்பி மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்தார்கள். நோய் போகாது, அடங்கியிருக்கும், இடது கண் எப்போது சிவந்தாலும் அன்றைக்கே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஏற்கெனவே இறுகிய முதுகு அப்படியே நின்றுவிட்டது.

பட்டறைக்குத் திரும்பினார். ஒற்றைக் கண்ணுக்கு ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி பிடிபடவில்லை. ராடு இரும்பில் போய் ஒட்டிக்கொண்டது. பற்றவைத்த கோடு நத்தை போன தடம் மாதிரி இருந்தது. இன்னொரு வெல்டர் கிரைண்டிங் மெஷினை எடுத்து வந்து அதைத் தேய்த்தார். அன்றோடு நேர்கோடு ராடைக் கீழே வைத்தார். இப்போது அளவெடுப்பது, வெட்டுவது, வளைப்பது. பெயர் மட்டும் மாறவில்லை. அவரை அப்படிக் கூப்பிடும்போது மேஸ்திரியின் குரல் கொஞ்சம் உள்ளே போகும்.

புட்டியும் டப்பாவில் அப்படியேதான் இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டுகிற யாராக இருந்தாலும் நேர்கோடு ஒரே கேள்வி கேட்பார். ரெண்டு கண்ணா, ஒரு கண்ணா? வந்து சேர்ந்தாரப்பா கண்ணு இன்ஸ்பெக்டர் என்று பெயின்டர் கிண்டல் செய்வார்.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒருநாள் அதே பெயின்டர் டப்பாவுக்குள் கையை விட்டார்.

"ரெண்டா, ஒண்ணா?"

"ஒண்ணுதான் இன்ஸ்பெக்டர் சார். நான் ராடையே தொடுறதில்ல, எனக்கு எங்க வெளிச்சம் அடிக்கும்? பெயின்ட் தெறிச்சிருக்கும்."

மேஸ்திரி அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "ஆமா, எந்தப் பக்கம் நின்னு அடிக்கிறியோ அந்தப் பக்கம்தானே..." என்று ஆரம்பித்தார். பாதியில் வாய் நின்றது. நேர்கோட்டின் வலது கண்ணைப் பார்த்தார். அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. எங்கேயும் பார்க்கவில்லை.

மேஸ்திரி எழுந்து போய்ப் பெயின்டரின் கையிலிருந்த புட்டியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"உங்க தெருவுல மழைக்கு முழங்கால் தண்ணி நின்னுச்சே. அப்ப உனக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"வந்துச்சு. எங்க தெருவுல நாலஞ்சு பேருக்கு வந்துச்சு. அதுக்கும் கண்ணுக்கும் என்ன மேஸ்திரி?"

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார் மேஸ்திரி. நேர்கோடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. "தெரிஞ்சவங்ககிட்ட போலாம். செருப்பைப் போடு."

பெயின்டருக்கு வந்தது எலிக்காய்ச்சல் விட்டுப்போன அழற்சி என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு கண்ணும் இருக்கின்றன. நேர்கோட்டுக்கு ஒன்று இருக்கிறது. அது காலையில் எழுந்ததும், முதுகு வளைவதற்கு முன்னாலேயே, கண்ணாடியில் போய்த் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது, தினமும்.

இதைப் படித்தவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த பட்டறையில், வயலில், தையல் கூடத்தில், எங்கே ஒரு பழைய சொட்டுமருந்துப் புட்டி பலகைமேல் இருக்கிறதோ அங்கே இந்தக் கதையைச் சொல்லுங்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு கண் மட்டும் சிவந்து, உள்ளே குடைந்து, வெளிச்சம் கூசினால், அதற்குத் தொழில் சொல்கிற காரணத்தை நம்பி உட்காராமல் அன்றைக்கே கண் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.